மதர்போர்டு போச்சு

"மதர்போர்டு போச்சு சார்." நம் ஊர் சர்வீஸ் சென்டர்களின் மூல மந்திரம் இது. மூன்றே சொல். எதிர்க்கேள்வி கேட்க முடியாத வாக்கியம். மதர்போர்டு என்றால் என்னவென்று தெரிந்தவர்கூட அந்த நேரத்தில் தலையை ஆட்டிவிட்டு, "எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்பார். ஆகும் தொகை அந்தக் கணினியின் பாதி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உடனே மந்திரத்தின் இரண்டாவது அடி வரும்: "இதுக்கு நீங்க புதுசாவே வாங்கிடலாம் சார்." கேட்பதற்கு அக்கறைபோலவே இருக்கும்.

சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த முகத்தோடு சொல்வதற்காக அவருக்குச் சம்பளம் தரப்படுகிறது. பொய் சொல்பவனிடமாவது உண்மை எங்கோ ஒரு மூலையில் இருக்கும். கிடுக்கிப்பிடி போட்டால் வெளியே வரும். இங்கே அந்த மூலையும் காலி.

ஒரே ஒரு கோளாறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. கூடவே பீப், பீப், பீப் என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி. மறுபடி அதே சத்தம். இது நடந்தவர்கள் யாரும் அந்தக் காலைப்பொழுதை மறந்திருக்க மாட்டார்கள். நம் ஆட்கள் அந்தச் சத்தத்தையே கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள், பழைய பேருந்தின் கடகடப்பைப்போல. உண்மையில் அது கோளாறைப் பற்றி இயந்திரம் நமக்கு நீட்டும் சீட்டு. எங்கோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்து, எழுதி, சோதித்து உள்ளே வைத்த செய்தி. நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தச் சீட்டு நீட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வாங்கிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த முதல் சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் ஓடி வந்துவிடுவதில்லை. போர்டில் உள்ள ஒரு சிறிய மேற்பார்வைச் சில்லு முதலில் மின்சாரத்தை வரிசைப்படி திறந்துவிடுகிறது. பிறகு பிராசசர் விழித்து, பயாஸ் சில்லில் எழுதி வைத்திருக்கும் கட்டளைகளைப் படிக்கத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் அதற்கு ரேம்கூடக் கிடையாது. தன் வயிற்றுக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிகத் திண்ணையாக வைத்துக்கொண்டு, ரேமைத் தேடிப் போகிறது. ரேம் பட்டையில் ஒரு துக்கடா சில்லு உண்டு. நான் இத்தனை ஜிபி, இன்ன வேகத்தில் ஓடுவேன் என்கிற ஜாதகம் அதில் இருக்கும். அதைப் படித்து, ரேமோடு பேசிப் பார்த்து, எழுதியது எழுதியபடி திரும்பி வருகிறதா என்று சோதித்து, எல்லாம் சரி என்றால்தான் அடுத்த வேலை. திரைக்கு உயிர் கொடுப்பது அதற்கும் அப்புறம்.

ஆக, ரேமில் சிக்கல் என்றால் அதைத் திரையில் எழுதிக் காட்டவே வழியில்லை. திரை இன்னும் பிறக்கவில்லை. பேச்சு வராத குழந்தை அழுதுதான் சொல்லும். கணினிக்கு அந்த அழுகை பீப்.

இதிலிருந்து சாதாரண தர்க்கத்தில் ஒன்று தெரிகிறது. பீப் வருகிறது என்றாலே மின்சாரம் உள்ளே வந்திருக்கிறது, மேற்பார்வைச் சில்லு வேலை செய்கிறது, பெரும்பாலான சமயம் பயாஸும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது. மொத்தமாகச் செத்த போர்டு பீப் அடிக்காது. பிணம் வாக்குமூலம் கொடுப்பதில்லை. சில பீப் குறிகள் போர்டையே குற்றம் சொல்லும் என்பதும் உண்மைதான். அப்படிச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறேன், போர்டை மாற்றுங்கள். குறியை எண்ணாமலே தீர்ப்பு எழுதுகிறார்களே, சண்டை அதோடுதான்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே இந்தச் சுயபரிசோதனை அதில் இருந்தது. ஒரு குறுகிய பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதும் வந்தால் திரை அட்டையில் சிக்கல். அதைவிட முக்கியமான சங்கதி, அந்தக் கணினிக்கென்று ஐ.பி.எம். ஒரு தொழில்நுட்பக் கையேடு விற்றது. போர்டின் மின்சுற்று வரைபடம் முழுக்க அதில் இருந்தது. பயாஸின் மூலநிரல், எழுதியவர்களின் குறிப்புகளோடு, வரிக்கு வரி அச்சாகியிருந்தது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கறுப்பு சூட் போட்ட, கெடுபிடிக்குப் பேர்போன ஐ.பி.எம்.! இன்றைக்கு சுதந்திரம், படைப்பூக்கம் என்றெல்லாம் விளம்பரம் எடுக்கும் எந்த லேப்டாப் நிறுவனத்திடமாவது போய் மின்சுற்று வரைபடம் கேட்டுப் பாருங்கள். காவலாளிதான் பதில் சொல்வார்.

ஐ.பி.எம்.மின் இந்தத் தாராளத்தை காம்பாக் போன்ற நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. மூலநிரலைப் பார்க்காத ஆட்களை வைத்து, அதேபோல நடந்துகொள்ளும் பயாஸை எழுதவைத்து, 1982 இறுதியிலேயே தங்கள் கணினியை அறிவித்தன. ஐ.பி.எம்.முக்கு அது நஷ்டம். உலகத்துக்கு லாபம், வீட்டுக்கு ஒரு கணினி வந்ததே அந்த வழியில்தான். மற்ற நிறுவனங்கள் இந்தக் கதையிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், எதையும் அச்சடிக்கக் கூடாது என்பது.

அப்புறம் பீப் மொழியும் சிதறியது. ஏ.எம்.ஐ. பயாஸில் மூன்று குறுகிய பீப் என்றால் நினைவகத்தின் முதல் 64 கேபி பழுது. ஃபீனிக்ஸ் பயாஸ் தந்திக்காரர்போலக் கொத்துக் கொத்தாக அடிக்கும். டெல் மடிக்கணினிகளில் இரண்டு பீப் என்றால் ரேமைக் காணோம், எட்டு என்றால் திரையில் கோளாறு. பழைய மேக்குகளில் ஐந்து நொடிக்கு ஒரு தரம் ஒற்றை ஒலி வந்தால் ரேம் இல்லை. மூன்று ஒலி, இடைவெளி, மறுபடி மூன்று என்றால் ரேம் இருக்கிறது, தேறவில்லை. சில நிறுவனங்கள் ஒலியை விட்டு ஒளிக்குப் போய்விட்டன. ஆரஞ்சு விளக்கு இத்தனை தரம், வெள்ளை விளக்கு இத்தனை தரம். ஹெச்.பி.யில் கேப்ஸ் லாக் விளக்கு கண் சிமிட்டும். திங்க்பேட் மாடல்கள் சிலவற்றில் இது ஒரு மெட்டாகவே வரும். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்தால், அந்த மெட்டைக் கேட்டு எந்தப் பாகம் பழுது என்று சொல்லிவிடும். ஒரு கருவி பாடுகிறது, இன்னொரு கருவி கேட்டுப் பொருள் சொல்கிறது. எனக்குப் பிடித்த பொறியியல் வேலைகளில் இதுவும் ஒன்று. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்தச் செயலியைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் போட்டு, அதைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் சமூகம் நாம். மனிதன் வேண்டுமென்றே பொருள் வைத்து உருவாக்கிய ஒரு சத்தத்துக்கு மட்டும் பட்டியல் பார்க்கத் தோன்றுவதில்லை.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், என் சித்தப்பா மகளின் கதை. திருவண்ணாமலைப் பக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் தவணையில் வாங்கிய லேப்டாப், விலை நாற்பத்திரண்டாயிரம். தவணை முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது திரை கறுத்து, பீப் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊரில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் பேருந்து பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா மடத்திலும் இதே ஆசாரம்தான். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு தாள் கொடுத்தார்கள். ப்ராப்ளம்: நோ டிஸ்ப்ளே. ரிமார்க்ஸ்: எம்.பி. ஃபால்ட்டி. எஸ்டிமேட்: ரூ. 23,400. பார்த்ததற்குக் கட்டணம் தனி. "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு இல்லம்மா" என்பது வாய்மொழி.

ராத்திரி போன் செய்தாள். அழுது முடித்த குரல்.

"அண்ணா, போர்டு போச்சாம்ணா."

"சத்தம் வருதா இன்னும்?"

"வருது. ஆன் பண்ணா வருது."

"எத்தனை?"

"எண்ணலையே."

"அவங்க எண்ணாங்களா?"

பதில் இல்லை. அப்புறம், "எண்ணணுமாண்ணா?" என்றாள்.

வாட்ஸப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். நிறுவனத்தின் வலைத்தளத்தில் ஏழெட்டுப் பக்கம் தோண்டினால் அந்த மாடலுக்கான அட்டவணை கிடைத்துவிடுகிறது. அந்த எண்ணிக்கைக்கு நேராக ஒரே சொல்: மெமரி. மறுநாள் காலையில் வீடியோ காலில் அவளே செய்தாள். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து, பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை விளிம்பில் விட்டு மூடியை நெம்பி, முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்து. அந்த மாடலில் 4 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, 8 ஜிபி தனிப் பட்டை. பட்டையின் இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து மேலே எழும். எடுத்துவிட்டு ஆன் செய்யச் சொன்னேன். பீப் இல்லை. கறுப்புத் திரையில் நிறுவனத்தின் இலச்சினை வந்தது. போர்டு போச்சு என்று தாளில் எழுதிய அதே போர்டு, தன் சொந்த 4 ஜிபியில், சாவகாசமாக விண்டோஸைத் திறந்தது.

பட்டையின் தங்கநிற முனைகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினோம். பீப். எடுத்தோம், ஓடியது. மறுபடி பொருத்தினோம், பீப். பட்டைதான் குற்றவாளி என்பது ஓரளவு உறுதி. ஸ்லாட்டும் கெட்டிருக்கலாமே என்று சந்தேகப்படுபவருக்கு: நானும் சந்தேகப்பட்டேன், அவள் தோழியின் லேப்டாப்பிலிருந்து அதே வகைப் பட்டையைக் கடன் வாங்கிப் போட்டு அதையும் தீர்த்துக்கொண்டோம். புதுப் பட்டை இரண்டாயிரத்துச் சொச்சம். மொத்த வேலைக்கு ஆன நேரம் நாற்பது நிமிடம். அதில் கால் மணி நேரம் சரியான ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

இதில் வித்தை ஏதாவது இருக்கிறதா? சந்தேகப்படும் பொருளை விலக்கிப் பார், மாற்றிப் பார். பத்தாம் வகுப்பு அறிவியல். திரை சந்தேகம் என்றால் ஹெச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வேறு ஒரு மானிட்டரிலோ டிவியிலோ சொருகிப் பார்க்கலாம். அங்கே படம் வந்தால் போர்டு பிழைத்தது, திரையோ அதன் கம்பியோதான் பழுது. கறுப்புத் திரைமேல் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா, பின்விளக்கு போயிருக்கிறது என்று அர்த்தம். எதற்கும் பட்டம் தேவையில்லை. அந்தக் கவுண்டர் பையனிடம் இதெல்லாம் ஏன் நடக்கவில்லை என்பதே கேள்வி.

அவனைத் திட்டிப் பயனில்லை. நிறுவனத்தின் உதிரிப்பாகப் பட்டியலைப் பார்த்தால் விஷயம் புரியும். அதில் மின்தடை கிடையாது, மின்தேக்கி கிடையாது, ஒரு ரூபாய்ச் சில்லு கிடையாது. போர்டு என்பது ஒரே உருப்படி, ஒரே பாக எண். பிராசசரும் பற்றவைத்த ரேமும் சேர்ந்தே வரும். அதில் கடுகளவு எது கெட்டாலும் அவன் கேட்டுப் பெறக்கூடியது முழுப் போர்டுதான். போர்டை மாற்றினால் கோளாறு ஒரே தடவையில் தீர்ந்துவிடும். ரேமாக இருக்குமோ, கம்பியாக இருக்குமோ என்று தேடினால் நேரம் போகும், வாடிக்கையாளர் திரும்பி வந்தால் கணக்கில் கரும்புள்ளி விழும். தலைவலிக்குத் தலையையே மாற்றும் வைத்தியம். மாற்றுத் தலை கிடங்கில் இருப்பதால் அது வைத்தியமாகவும் தெரிகிறது.

இங்கே என் சொந்தத் துறை நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "தொழில்நுட்பம் அப்படித்தான் மச்சி. மெலிசா வேணும், லைட்டா வேணும், பேட்டரி பத்து மணி நேரம் நிக்கணும். ரேமைப் பற்றவைக்காம எப்படி?" இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தான வாதம். மின்சாரம் குறைவாகத் தின்னும் எல்பிடிடிஆர் வகை ரேமுக்கு பிராசசரோடு மிக நெருக்கமான, குறுகிய இணைப்பு வேண்டும். பழைய ஸ்லாட்டில் அது ஓடாது. 2008ல் ஆப்பிள் உறையிலிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏரிலேயே ரேம் பற்றவைத்ததுதான். அதன் பிறகு ஊரே அந்த வழியில் போனது. சரி. அதே மின்சிக்கன ரேமை ஸ்க்ரூ போட்டு மாட்டிக் கழற்றும்படி எல்பிகேம்2 என்று ஒரு அமைப்பு வந்துவிட்டதே? 2024ல் லெனோவோ அதைத் தன் திங்க்பேட் பி1 மாடலில் போட்டு விற்றது. அந்தக் கணினி ஒன்றும் அம்மிக்கல்லாகிவிடவில்லை. ஃப்ரேம்வொர்க் என்கிற சின்ன நிறுவனம் 2021லிருந்து, ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பாகத்தின் மேலும் விவரம் ஒட்டி, மெலிசான மடிக்கணினியே விற்கிறது. முடியாது என்பதற்கும் மனமில்லை என்பதற்கும் உள்ள தூரத்தை இயற்பியலின் தலையில் கட்டக் கூடாது.

என் சித்தப்பா மகளின் கதையையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கெட்டது அந்தத் தனிப் பட்டையாக இல்லாமல், பற்றவைத்த 4 ஜிபியாக இருந்திருந்தால்? அதே பீப், அதே எண்ணிக்கை, அதே "மெமரி". வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 23,400 என்பது நியாயமான தொகையாகிவிட்டிருக்கும். அவள் பிழைத்தது அந்த மாடலை வடிவமைத்தவர்கள் பாதி ரேமை மட்டும் சொருகும்படி விட்டுவைத்த தயவில். ஒரு மாணவியின் இரண்டு வருடப் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு ஸ்லாட்டில்.

இன்னொரு தரப்போடும் எனக்குக் கணக்கு தீர்க்க வேண்டியிருக்கிறது. இலக்கியவாதிகள். பழுதுபார்ப்பவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. ரிச்சி தெருவின் ஒரு சந்து. நரசிங்கபுரம் தெருவின் நெரிசல், மீரான் சாகிப் தெருவின் மாடிப்படி. ஈய வாசனை. அதிகம் பேசாத ஒரு அண்ணன். பெரிய பெரிய நிறுவனங்கள் கைவிட்டதை அவர் தொட்டதும் உயிர் வருகிறது. கட்டுரையாளர் நெகிழ்கிறார். "கைராசி." இந்த நெகிழ்ச்சி அந்த அண்ணனுக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

அவரிடம் இருப்பது ராசி இல்லை, மல்டிமீட்டர். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அளந்து பார்க்கிறார், இல்லாத இடத்திலிருந்து பின்னோக்கி நடக்கிறார். அந்த "இருக்க வேண்டும்" எங்கிருந்து கிடைக்கிறது என்றால் மின்சுற்று வரைபடத்திலிருந்து. அந்த வரைபடத்தை நிறுவனம் தருவதில்லை. எங்கோ தொழிற்சாலையில் கசிந்து, சீன வலைத்தளங்கள் வழியாக, டெலிகிராம் குழுக்கள் வழியாக, திருட்டுப் படம்போல அவர் கைக்கு வந்து சேர்கிறது. படித்த மருத்துவரிடம் உடற்கூறியல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவர் தட்டுத் தடுமாறி வைத்தியம் செய்தால், "ஆகா, என்ன ஒரு ஞானம்" என்று கட்டுரை எழுதுவோமா?

வரைபடம் கிடைக்காத இடத்தில்தான் மந்திரவாதம் முளைக்கிறது. கிராஃபிக்ஸ் சில்லை ஹாட் ஏர் கன்னால் சுட்டுவிட்டால் படம் வரும். பல சமயம் சில வாரம் ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். கடைக்காரருக்கும் தெரியும், காசு வாங்கியாயிற்று. நல்ல ரேமைக் கழற்றிவிட்டு மட்டமானதைச் செருகி அனுப்பும் ஆட்களும் அந்தச் சந்துகளில் உண்டு, அதை மறைத்து எழுதுவது கட்டுரையாளரின் சௌகரியம். தகவல் பூட்டப்பட்ட சந்தையில் வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தான் முடியும். நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துப் பார்க்க அவரிடம் என்ன அளவுகோல் இருக்கிறது?

பொறியியல் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு மைக்ரோபிராசசர் லேப் இருந்தது. 8085 கிட்டில் இரண்டு எண்களைக் கூட்டுவது முதல் வாரம். சில வாரம் கழித்து 8253 டைமர் சில்லில் சதுர அலை உண்டாக்குவது. ரெகார்டு நோட்டில் அலையைப் பென்சிலால் வரைந்து, ஸ்கேல் வைத்து அச்சுக்கோடு போட்டு, சார் கையெழுத்து வாங்கினோம். ஐ.பி.எம். கணினியின் ஸ்பீக்கரை பீப் அடிக்கவைத்தது சாட்சாத் அதே 8253 தான். அதில் மூன்று கவுண்டர்கள்: ஒன்று கடிகாரத் துடிப்புக்கு, ஒன்று நினைவகத்தைப் புதுப்பிக்க, மூன்றாவது ஒலிக்கு. நொடிக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் துடிப்புகளை நீங்கள் கொடுக்கும் எண்ணால் வகுத்து, அந்தச் சதுர அலையை ஸ்பீக்கருக்கு அனுப்பும். நாங்கள் நோட்டில் வரைந்த அதே அலை. இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த லேப்பின் மூலையில் பீப் அடித்துக்கொண்டு ஒரு கணினி கிடந்தது. அதன்மேல் "நாட் ஒர்க்கிங்" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

அங்கிருந்து வருடா வருடம் வெளியே வந்த நாங்கள்தான் மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் திரைகளில் பிழை வந்தால் என்ன காட்டுகிறோம்? "ஏதோ தவறு நடந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்." 2012ல் விண்டோஸ் 8 தன் நீலத் திரையில் எண்களை எல்லாம் துடைத்துவிட்டு ஒரு சோக முகத்தைப் போட்டது. பயனரைப் பயமுறுத்தக் கூடாதாம். பயனர் என்பவர் தகவலைக் கண்டு பயப்படுகிற ஜீவன் என்பது எங்கள் தொழிலின் மூடநம்பிக்கை. என் சித்தப்பா மகள் பயந்தது எண்ணைக் கண்டு இல்லை. எண் இல்லாத அந்தத் தாளைக் கண்டு.

சட்டம் என்ன செய்கிறது? 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. பண்ணைக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறை. உள்ளே போனால் நிறுவனங்களின் சேவை மைய முகவரிகளும் கஸ்டமர் கேர் எண்களும் கிடைக்கும். அதாவது, எந்தக் கவுண்டரில் போய் மந்திரத்தைக் கேட்க வேண்டும் என்ற தகவல். ஃபிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து மடிக்கணினியின் விலைக்குப் பக்கத்திலேயே பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் ஒட்டியாக வேண்டும். கையேடு கிடைக்கிறதா, பிரித்தெடுப்பது எளிதா, உதிரிப்பாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதை வைத்துக் கணக்கு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024ல் இன்னும் ஒரு படி மேலே போய், வேற்றுக் கடையில் மாற்றிய பாகத்தை மென்பொருள் வைத்து முடக்கும் தந்திரத்தையே தடை செய்தது. இங்கேயும் 2024ல் அப்படியொரு மதிப்பெண் முறையை வகுக்கக் குழு போட்டார்கள். குழு போடுவதில் நமக்கு நிகர் யார்? 2022ல் மட்டும் உலகம் தூக்கியெறிந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால் பங்குகூட இல்லை. அந்தக் குவியலில் ஒரு பட்டை ரேமுக்காகச் செத்த கணினிகள் எத்தனை என்று யாரும் எண்ணப்போவதில்லை. பீப்பையே எண்ணாதவர்கள்.

டில்லியின் குழுக்களுக்காகத் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதிலிருந்து, எல்காட் வழியாக லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கிய அரசு இது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக மறுபடி அறிவித்தார்கள். இத்தனை பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனம் மாட்டேன் என்று சொல்லும்? ஒப்பந்தப்புள்ளியில் திரையின் அளவு, பிராசசரின் வேகம், பையின் நிறம் வரைக்கும் நிபந்தனை போடத் தெரிகிறது. கூடவே நான்கு வரி சேர்க்கட்டும். பீப் குறிகளின் அட்டவணை, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒவ்வொரு கணினியின் அடிப்பாகத்திலும் அச்சிட்டிருக்க வேண்டும். ரேமும் சேமிப்பகமும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றும்படி இருக்க வேண்டும். போர்டின் மின்சுற்று வரைபடம் எல்காட்டிடம் ஒப்படைக்கப்பட்டு, ஒவ்வொரு பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் போய்ச் சேர வேண்டும். போர்டை மாற்றச் சொல்லும் எந்த ஜாப் ஷீட்டிலும் எத்தனை பீப், எந்தப் பாகத்தை விலக்கிச் சோதித்தோம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

அந்த நான்காவது வரிக்கு மட்டும் ஒப்பந்தப்புள்ளிவரை பொறுத்திருக்கத் தேவையில்லை. நாளைக்கே கவுண்டரில் கேட்கலாம். "எத்தனை பீப்னு இதுலயே எழுதிக் குடுங்க தம்பி."